இடக்கரடக்கும் இயந்திரம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு என் மகளின் பிள்ளைகள் இருவரும் துவாரகாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேத்தி ஹர்ஷிதாவுக்கு ஒன்பது வயது. டேப்லட்டில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஊர் ஊராக இருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடும் ஓர் இணைய விளையாட்டில் மூழ்கியிருந்தாள். விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் எழுதுவதெல்லாம் எழுத்தாகத் தெரிகிறது. இவள் எழுதுவது மட்டும் கட்டம் கட்டமாகக் குறுக்குக் கோடுகளாக விழுகிறது. "இது என்னடா?" என்று பேரன் முகிலனைக் கேட்டேன். "கெட்ட வார்த்தை போட்டா அப்படித்தான் மறைச்சிடும் தாத்தா" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒன்பது வயசுல இதென்ன பேச்சு?" என்று டேப்லட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். "நான் என் பேரைத்தான் தாத்தா போட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை.

மாலையில் மருமகன் வந்தார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்பது எழுத்து. நான்காவது எழுத்திலிருந்து ஏழாவது எழுத்து வரை அடிக்கோடு போட்டார். "இந்த நாலு எழுத்தை மட்டும் படிங்க மாமா" என்றார். படித்தேன். நம் பாட்டிமார் 'வெளிக்குப் போறது' என்பார்களே, அந்தச் சமாச்சாரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள கொச்சைச் சொல். சமஸ்கிருதத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் பெயருக்கு நடுவே இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பெயர் வைத்த எங்களுக்குத் தெரியவில்லை. இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது.

குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் பேர் என்ன தாத்தா தப்பு பண்ணிச்சு?" என்று அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் நான் அறிந்துகொண்டதை, பேரன் பேத்திகளோடு இருக்கும் நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எழுத்தைத் தேடும் சல்லடை

இணைய விளையாட்டுகளில் வசைச்சொல்லை மறைக்கும் மென்பொருளை ஃபில்டர் என்கிறார்கள். சல்லடை என்று வைத்துக்கொள்வோம். இதன் மிகப் பழைய வடிவம் எளிமையானது. விலக்க வேண்டிய சொற்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். நாம் எழுதும் வரிக்குள் அந்த எழுத்துத் தொடர் எங்கேயாவது வருகிறதா என்று இயந்திரம் தேடும். வந்தால் மறைக்கும். பொருள் என்ன, சொன்னவர் யார், எதற்குச் சொன்னார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இதனால் வரும் வம்புக்கு ஓர் ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் இரும்பாலை நகரம். 1996ல் அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். இணையச் சேவையில் கணக்குத் தொடங்கப் போனால் முடியவில்லை. ஊர்ப்பெயரின் நடுவில் ஆங்கில வசைச்சொல் ஒன்று அமைந்திருந்ததுதான் காரணம். கணினித் துறையில் இன்றும் இதற்கு 'ஸ்கன்தார்ப் பிரச்சினை' என்றே பெயர். 2010ல் அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியாவில் ஃபோர்ட் கே என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கணக்கில் தன் ஊர்ப்பெயரை எழுதியதற்காகத் தடைசெய்யப்பட்டார். ஊரின் மேயர் தலையிட வேண்டியதாயிற்று. பிறகு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அங்கே தடைசெய்தது இயந்திரமல்ல, மனிதர்கள்தாம் என்பதையும் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் கண்ணோடு பார்த்தால் மனிதரும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்வார். நான் என் பேத்திக்குச் சொன்னதும் அதே தீர்ப்புத்தானே!

நம் பெயர்களுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். ரக்ஷிதா, லக்ஷிதா, ஹர்ஷித் எல்லாவற்றிலும் அதே நான்கு எழுத்துகள் உண்டு. தில்லியில் மூன்று முறை முதல்வராக இருந்த ஷீலா தீட்சித்தின் பெயரிலும் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அதே ஒன்பது எழுத்து, அதே நான்கு முதல் ஏழு. அவரே வந்து கணக்குத் தொடங்கினாலும் பழைய சல்லடை விடாது.

முழுச் சொல்லாக வந்தால் மட்டும் மறை என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டால் போதாதா என்று மருமகனைக் கேட்டேன். "அப்படிச் செஞ்சா நல்ல பேரெல்லாம் தப்பிச்சிடும் மாமா. ஆனா திட்டறவன் பக்கத்துச் சொல்லோட ஒட்டி எழுதித் தப்பிச்சிடுவான்" என்றார். சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கினால் அரிசியும் நின்றுவிடுகிறது. பெரிதாக்கினால் கல்லும் விழுந்துவிடுகிறது.

நன்னூல் சொன்ன மூன்று

இதையெல்லாம் கேட்டபோது பள்ளியில் படித்த நன்னூல் நினைவுக்கு வந்தது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்லியிருக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு விதமாகச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது போல. அமங்கலத்தை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் 'துஞ்சினார்' என்பது போல. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் சொன்னதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

இன்றைய விளையாட்டுக் களத்தில் இந்த மூன்றும் அப்படியே நடக்கின்றன. குறுக்குக் கோடு போட்டு மறைப்பது இயந்திரம் செய்யும் இடக்கரடக்கல். மங்கலமும் உண்டு. 2016ல் வந்த ஓவர்வாட்ச் என்ற விளையாட்டில், ஜெயித்தவர் தோற்றவரைப் பார்த்து 'இதெல்லாம் எனக்கு ஜுஜுபி' என்கிற தொனியில் ஒரு சுருக்கெழுத்தைப் போடும் பழக்கம் பரவியது. அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் குத்தல் இருந்தது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? யார் அதை எழுதினாலும், எழுதியவரே குழந்தை போல அசடு வழிவதாக ஒரு வாக்கியம் திரையில் வரும்படி மாற்றிவிட்டது. திட்டினவர் முகத்தில் அவர் திட்டே வழிந்தது.

குழூஉக்குறிக்குக் கேட்கவே வேண்டாம். எழுத்துக்குப் பதில் எண், எஸ் எழுத்துக்குப் பதில் டாலர் குறி, எழுத்துகளுக்கு நடுவே புள்ளி என்று ஆரம்பித்த வித்தை எங்கோ போய்விட்டது. 2003 முதல் 2013 வரை டிஸ்னி நிறுவனம் டூன்டவுன் என்று ஒரு குழந்தைகள் விளையாட்டை நடத்தியது. அதில் பொதுவாக, தயாராக உள்ள வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பேச முடியும். மனம்போல எழுதிப் பேச வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரு ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குள்ளோ எண்ணைச் சொல்ல வழியில்லை. பிள்ளைகள் விட்டுவிடவில்லை. விளையாட்டில் தங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குள் படச்சட்டங்களையும் சாமான்களையும் எண் வடிவத்தில் அடுக்கிவைத்து, சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ராண்டி ஃபார்மர் இதை எழுதியிருக்கிறார். இரண்டு பேர் பேசிக்கொள்ள நினைத்துவிட்டால் சுவர் எழுப்பித் தடுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாலாவும் மச்சானும்

சொல்லில்தான் வசை இருக்கிறதா? 1974ல் நான் தில்லிக்கு வேலைக்கு வந்த புதிது. ஹிந்தி அரைகுறை. அலுவலகத்தில் ஒரு பஞ்சாபி நண்பர் என் முதுகில் தட்டி 'சாலா' என்று கூப்பிடுவார். அர்த்தம் கேட்டேன். மனைவியின் சகோதரன் என்றார்கள். அட, நம்மை மச்சான் என்று அல்லவா கூப்பிடுகிறார் என்று பூரித்துப்போனேன். பத்து நாள் கழித்துப் பஸ்ஸில் இரண்டு பேர் அதே சொல்லுக்காகச் சட்டையைப் பிடித்து உருண்டதைப் பார்த்த பிறகுதான் விவரம் புரிந்தது.

ஒரே உறவு. ஹிந்தியில் அது வசை. தமிழில் மச்சான் என்றால் பாசம். அந்த ஹிந்தியிலும், நண்பர் சொன்னால் உரிமை, அந்நியர் சொன்னால் அவமானம். இதை எந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? இப்படிப்பட்ட சொல்லைத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்கிறார். அவையிலே சொல்லத் தகாத சொல் என்று பொருள். அவையை வைத்துத்தான் சொல்லுக்குப் பெயரே அமைந்திருக்கிறது. எதிரே இருப்பவர் யார், இடம் எது என்று பார்த்துத்தான் ஒரு சொல் தகுமா தகாதா என்று முடிவாகிறது.

இப்போதைய மென்பொருள்கள் பட்டியலோடு நிற்பதில்லை. ஏராளமான உரையாடல்களை மனிதர்கள் படித்து, இது வசை, இது கேலி, இது சாதாரணப் பேச்சு என்று குறித்துத் தருகிறார்கள். அவற்றிலிருந்து இயந்திரம் தானே கற்றுக்கொண்டு, புதிய வரியைப் பார்த்ததும் வசையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. குரலையும் இப்போது கவனிக்கிறார்கள். கால் ஆஃப் ட்யூட்டி விளையாட்டில் 2023 ஆகஸ்டில் குரல் வசையைக் கண்டறியும் மென்பொருளை வட அமெரிக்காவில், முதலில் ஆங்கிலத்துக்கு, சோதனையாகக் கொண்டுவந்தார்கள். அதே நவம்பரில் ஆசியா நீங்கலாக மற்ற நாடுகளுக்கு விரித்தார்கள். எந்த மொழியில் குறித்துக் கொடுத்த உரையாடல் நிறைய இருக்கிறதோ அந்த மொழியில்தான் இயந்திரம் கெட்டிக்காரத்தனமாக இருக்கும்.

தமிழ் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நம் பிள்ளைகள் விளையாடும்போது தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில்லை, ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதற்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. 'வாழைப்பழம்' என்ற சாதுவான சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நெடிலை இரண்டு விதமாக எழுதலாம். இரண்டு ழகரத்தையும் தனித்தனியே இரண்டு விதமாக எழுதலாம். ஐகாரத்தை மூன்று விதமாகவும், இரட்டைப் பகரத்தை இரண்டு விதமாகவும் எழுதலாம். பெருக்கினால் 48 வடிவங்கள். இதற்கு மேல் வேற்றுமை உருபு வேறு ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் சிக்கல் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டும் ஒன்றே என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் சல்லடை ஏமாந்துபோகும்.

முகிலனின் தமிழ்

பேத்தியின் கதையைச் சொல்லிவிட்டேன். பேரன் கதையையும் சொல்லத்தான் வேண்டும். முகிலனுக்குப் பதினான்கு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிற பிள்ளை. குழு குழுவாகச் சுட்டு விளையாடும் ஆட்டம் ஒன்று அவனுக்குப் பிடிக்கும். ஒருநாள் ராத்திரி, அவன் எதிரணிக்கு எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தில், சுத்தமான தமிழ் வசை. ஊரில் சந்தைக்கடை ஓரத்தில் கேட்டதற்குப் பிறகு நான் கேட்டிராத சொல். திரையில் ஒரு குறுக்குக்கோடு கூட இல்லை. பேத்தியின் பெயரை மறைத்தது ஒரு சல்லடை, பேரனின் வசையைக் கௌரவமாக விட்டுவிட்டது இன்னொரு சல்லடை.

"என்னடா இது?" என்றேன். "தமிழ்ல போட்டா மிஷினுக்கும் புரியாது தாத்தா, இங்க இருக்கிறவங்களுக்கும் புரியாது" என்றான். அவனுக்குத் தமிழ் ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது! ஐம்பது வருஷமாக இந்த ஊரில் தமிழைக் கட்டிக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

நான் என்ன சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருப்பானோ என்னவோ. ஆனால் நாலைந்து நாள் கழித்து அவனே வந்து உட்கார்ந்தான். அதே போல ஒருவனைத் திட்டியிருக்கிறான். பதில் வந்திருக்கிறது. "அண்ணா, நீங்க தமிழா? நான் சேலம். எங்க அம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க." அவ்வளவுதான். எதிரே இருப்பது யார் என்றே தெரியாமல் பேசிய பிள்ளைக்கு, திடீரென்று அங்கே ஓர் அம்மா இருப்பது தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவனுக்கு அவை என்றால் என்ன என்று விளங்கியது. எந்தச் சல்லடையும் இதைச் செய்திருக்காது.

திட்டுகிறவர் யார்?

திட்டுகிற பிள்ளைகளெல்லாம் போக்கிரிகள், நம் பிள்ளை அப்படியில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2009ல் வந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கண்டார்கள். எப்போதும் வசைபாடிக்கொண்டே இருப்பவர்கள் ஆட்டக்காரர்களில் சுமார் 1 சதவீதம்தான். அவர்களால் வரும் வசை மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். மீதியில் பெரும்பங்கு, என்றைக்கோ ஒருநாள் மனசு சரியில்லாத சாதாரண ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தது. முகிலன் மாதிரி, நம்ம மாதிரி.

அதே நிறுவனம் 2011 முதல் 2014 வரை 'டிரைபியூனல்' என்று ஒரு பஞ்சாயத்து நடத்தியது. புகார் வந்த உரையாடலை ஆட்டக்காரர்களே படித்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று வாக்களிப்பார்கள். தண்டனையோடு என்ன தவறு என்பதையும் விளக்கிச் சொன்னபோது திருந்தியவர்கள் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். எதிரணியோடு பேசும் வசதியை முதலிலேயே மூடிவைத்து, வேண்டுமென்பவர் திறந்துகொள்ளலாம் என்றார்கள். பேச்சின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. வசை மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கதவைத் திறக்க ஒரு விநாடி யோசித்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

இணைய விளையாட்டுகளில் மாடரேட்டர் என்று நடுவர்கள் இருக்கிறார்கள். புகார் செய்தால்தான் பெரும்பாலும் அவர்கள் பார்வைக்கு வரும். ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று பொத்தான்களைக் காட்டிக்கொடுங்கள். ஒருவர் பேச்சைக் கேட்காமலிருக்க 'மியூட்', அவர் நம்மை அணுகாமலிருக்க 'பிளாக்', நடுவருக்குச் சொல்ல 'ரிப்போர்ட்'. புகாரோடு திரையைப் படமெடுத்து வைப்பது நல்லது. தமிழ் வசை என்றால் அதன் பொருளையும் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய சேவைகள் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிட வேண்டும் என்கின்றன. அதைத் தேடிப் பயன்படுத்தலாம். மிரட்டல், தகாத அழைப்பு என்று எல்லை மீறினால் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், என்னைப் போல டேப்லட்டைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லமாட்டார்கள். முகிலன் தானாக வந்து சொன்னது, அந்த முதல் நாள் ராத்திரி நான் திட்டாமல் விட்டதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொரு விஷயம். பிள்ளைகளுக்குச் சக வயதினரோடு தமிழில் பேச ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். அந்தச் சேலத்துப் பையனோடு முகிலன் இப்போது வாரக் கடைசியில் ஒரே அணியில் ஆடுகிறான். அவன் தமிழ் கொஞ்சம் சேலத்து வாடையோடு திருந்திவருகிறது.

ஹர்ஷிதாவின் பெயர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருமகன் அந்த நிறுவனத்துக்கு எழுதினார். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அவளுடைய பெயரை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். மறுநாள் திரையில் பெயர் முழுசாகத் தெரிந்தது. குழந்தை வீடு முழுக்க ஓடினாள். அடுத்த வாரம் கீழ்வீட்டு ரக்ஷிதா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் பெயர் இன்னும் குறுக்குக் கோடுதான்.

அவளுக்காகவும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். இந்த முறை எழுதியது முகிலன்.